கீழ்மேசையில் பிடித்து நிறுத்திய அரைப்புள்ளி

தேசிய மகளிர் செஸ் சாம்பியன்ஷிப் நடக்கும் நாட்களில் நாளிதழில் வரும் செய்தி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முன்னணியில் இருப்பவர் வென்றார், இன்னொருவர் அரைப்புள்ளி பின்தங்கினார், தரவரிசையில் மேலே இருந்த ஒருவர் எதிர்பாராமல் தோற்றார். கடைசி வரியில் மற்ற ஆட்டங்கள் டிராவில், அதாவது ஆளுக்கு அரைப்புள்ளி என்று சமனாக, முடிந்தன என்று இருக்கும். ஐந்து மணி நேரம் உட்கார்ந்து போராடியவர்களும் அரை மணி நேரத்தில் கைகுலுக்கிவிட்டுப் போனவர்களும் அந்த ஒரே வரிக்குள் அடக்கம்.

அந்த வரிக்குள் அடங்கிப்போன ஓர் ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அரங்கிலேயே இருந்து பார்த்த ஆட்டம். பட்டத்துக்கான மேசை இல்லை, பட்டியலின் நடுவில் எங்கோ இருந்த மேசை. ஆடிய இருவரும் பிரபலங்கள் அல்லர். அதனால் பெயர்களைச் சொல்லப்போவதில்லை, வெள்ளை, கறுப்பு என்றே சொல்கிறேன்.

ஆட்டத்திறனை அளக்கும் ரேட்டிங்கில் வெள்ளைக்குச் சுமார் 200 புள்ளி அதிகம். இதன் பொருள் என்னவென்று கணக்காகவே சொல்லிவிடலாம். 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 0.76 புள்ளி எடுப்பார் என்பது ரேட்டிங்குக்கு அடிப்படையான எலோ கணக்கு. ஆகவே டிரா ஆனால் அவருக்கு ரேட்டிங்கில் ஐந்து புள்ளி போல இறங்கும், எதிரில் இருப்பவருக்கு அதே அளவு ஏறும். எதிரில் இருப்பவர் பதினெட்டு வயதுக்குள் என்றால் அவருக்கு இரட்டிப்பாக ஏறும். பலகையில் சமம் என்று எழுதப்படுவது ரேட்டிங் பட்டியலில் சமம் இல்லை.

நாற்பதாவது நகர்வைத் தாண்டியபோது கறுப்பு ஒரு சிப்பாய் குறைவாக இருந்தார். இரு பக்கமும் ஒவ்வொரு யானை மிச்சம். முதல் நாற்பது நகர்வுக்கு 90 நிமிடம், அதன்பின் ஆட்டம் முடியும்வரை 30 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல் என்பது அங்கே இருந்த நேரக்கட்டுப்பாடு. கூடுதலாகக் கிடைத்த அரை மணி நேரத்தையும் இருவரும் சீக்கிரமே கரைத்துவிட்டார்கள். அப்புறம் நகர்வுக்கு முப்பது விநாடி வைத்துத்தான் வாழ்க்கை. அதற்குள் யோசித்து, காயை நகர்த்தி, கடிகாரத்தை அமுக்கி, அந்த நகர்வை ஸ்கோர் ஷீட்டிலும் எழுத வேண்டும். கூடுதல் நேரம் இல்லாத போட்டியில், கடைசி ஐந்து நிமிடத்தில் எழுதாமல் விடலாம் என்று சலுகை உண்டு. 30 விநாடி கூடுதல் தரும் போட்டியில் அந்தச் சலுகை கிடையாது. இது சாதாரண விஷயமாகத் தோன்றும், ஆனால் இந்த ஆட்டத்தின் முடிவே அந்த ஸ்கோர் ஷீட்டை நம்பித்தான் இருந்தது.

வெள்ளை ஓரத்துச் சிப்பாயை எதிர்ச் சிப்பாயோடு மாற்றிக்கொண்டார். மிஞ்சியது வெள்ளைக்கு ஒரு யானை, நடுவில் ஒரு சிப்பாய். கறுப்புக்கு வெறும் யானை. அதாவது ஃபிலிடோர் நிலை வரப்போகிறது.

18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபிலிடோர் காட்டிக்கொடுத்த தற்காப்பு இது. செஸ் கற்கும் யாரும் படிப்பதுதான். கறுப்பு ராஜா சிப்பாய்க்கு எதிரே கடைசி வரிசையில் நிற்க வேண்டும். கறுப்பு யானை, வெள்ளையின் கணக்கில் ஆறாவது வரிசையில் நின்று, வெள்ளை ராஜா அந்த வரிசையில் ஏறாதபடி தடுக்க வேண்டும். வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை, யானையை அந்த வரிசையிலேயே இப்படியும் அப்படியும் நகர்த்தினால் போதும். வெள்ளை முன்னேற வேண்டுமானால் சிப்பாயை ஆறாவது வரிசைக்குத் தள்ளியாக வேண்டும். தள்ளிய மறுகணம் கறுப்பு யானையை வெள்ளையின் முதல் வரிசைக்கு இறக்கி, பின்னாலிருந்து செக் மேல் செக் கொடுக்க வேண்டும். சிப்பாய் தன் ராஜாவுக்கு நிழலாக இருந்திருக்க வேண்டிய கட்டத்தில் தானே போய் நின்றுவிட்டதால், அந்த ராஜா ஒளிய இடமில்லை.

படிக்கும்போது இவ்வளவுதானா என்று தோன்றும். முப்பது விநாடியில், ஐந்தாவது மணி நேரத்தில், எதிரே தன்னைவிட வலுவான ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது இவ்வளவுதான் இல்லை. யானையைச் சிப்பாய் தள்ளப்படும் முன்பே கீழே இறக்கிவிட்டால் வெள்ளை ராஜா ஆறாவது வரிசையில் ஏறிக்கொள்ளும், அப்புறம் டிராவுக்கு மிகத் துல்லியமான வேறு வழி தேட வேண்டும். பயந்து யானையையும் கடைசி வரிசையிலேயே ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், ஓரத்துச் சிப்பாய்க்கும் அதற்கு அடுத்த சிப்பாய்க்கும் எதிராகத்தான் அது தாங்கும், நடுச் சிப்பாய்க்கு எதிராகத் தாங்காது. யானைகளை மாற்றிக்கொள்ளலாம் என்று வெள்ளை கூப்பிட்டால் அதற்கும் தனிக் கணக்கு: மாற்றிய பிறகு வெள்ளை ராஜா சிப்பாய்க்கு முன்னால் ஆறாவது வரிசையை எட்டிவிடுமானால் தோல்வி, எட்டாமல் தடுக்க முடிந்தால் டிரா. களைத்துப்போன மூளைக்கு யானை மாற்றம் ஒரு விடுதலை போலத் தெரியும். அங்கேதான் பலர் விழுவார்கள்.

வெள்ளை இவை எல்லாவற்றையும் முயன்று பார்த்தார். ராஜாவை ஒரு பக்கம் கொண்டுபோனார், மறுபக்கம் கொண்டுவந்தார், யானையை ஏழாவது வரிசைக்கு ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். சிப்பாயைத் தொடவில்லை. கறுப்பும் தன் வரிசையை விடவில்லை. பக்கத்து மேசைகள் காலியாகிக்கொண்டே வந்தன. கறுப்பு ஒருமுறைகூட டிரா கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். அது சரியான நடத்தை என்றே நினைக்கிறேன். கீழ்க்கை நிலையில் இருப்பவர் திரும்பத் திரும்ப டிரா கேட்டால், அது எதிராளியைத் தொந்தரவு செய்வதாகக் கொண்டு நடுவர் நடவடிக்கை எடுக்க விதியில் இடமிருக்கிறது. விதி ஒருபுறம் இருக்கட்டும். கேட்டு வாங்க வேண்டிய நிலையில் தான் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் எனக்குப் பட்டது.

சிப்பாய் நகராமல், எந்தக் காயும் வெட்டப்படாமல், இருவரும் ஐம்பது ஐம்பது நகர்வு ஆடிவிட்டால் டிரா கேட்டுப் பெறலாம். அந்த எண்ணிக்கை ஏற ஏற வெள்ளைக்கு நெருக்கடி. கடைசியில் தள்ளினார். சிப்பாய் ஆறாவது வரிசைக்கு வந்தது. கறுப்பு யானை நேராகக் கீழே இறங்கியது. கை தயங்கவே இல்லை.

வெள்ளை ராஜாவும் உடனே ஆறாவது வரிசைக்கு ஏறி, சிப்பாய்க்குப் பக்கத்தில் நின்றது. இப்போது அடுத்த நகர்விலேயே மேட் மிரட்டல். கறுப்பிடம் இருந்தது செக் மட்டும்தான், ஒரு செக் விட்டுப்போனால் ஆட்டம் முடிந்தது. செக். ராஜா ஐந்தாவது வரிசைக்கு இறங்கியது. அடுத்த கோட்டில் செக். ராஜா மீண்டும் ஏறியது. செக். சிப்பாயை விட்டு அதிகம் விலகினால் சிப்பாய் போய்விடும், விலகாவிட்டால் செக் நிற்காது.

மூன்றாவது முறை அதே நிலை வரப்போகிறது என்று தெரிந்ததும் கறுப்பு செய்ததைத்தான் எல்லா இளம் ஆட்டக்காரர்களும் பார்க்க வேண்டும் என்பேன். யானையைத் தொடவில்லை. ஆடப்போகும் நகர்வை முதலில் ஸ்கோர் ஷீட்டில் எழுதினார். கடிகாரத்தை நிறுத்தினார். கையைத் தூக்கி நடுவரை அழைத்தார். இந்த நகர்வோடு நிலை மூன்றாம் முறை வருகிறது, டிரா கோருகிறேன் என்றார். நகர்வை ஆடி கடிகாரத்தை அமுக்கிவிட்டால் அந்த உரிமை போய்விடும், அடுத்த வாய்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். கோரிக்கை தவறென்றால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதல் கிடைக்கும், எழுதிய நகர்வையே ஆடியும் ஆக வேண்டும். அந்த நிலையில் வெள்ளைக்கு இரண்டு நிமிடம் என்பது பெரிய சொத்து. ஒரே நிலை ஐந்து முறை வந்தால் நடுவரே ஆட்டத்தை முடித்துவைப்பார், ஆனால் அதுவரை இழுக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?

நடுவர் இருவரின் ஸ்கோர் ஷீட்டையும் வாங்கிச் சரிபார்த்தார். கறுப்பின் ஷீட்டில் ஒரு நகர்வுகூட விடுபடவில்லை, கையெழுத்து மட்டும் கடைசிப் பக்கத்தில் சாய்ந்து போயிருந்ததாம். டிரா. இருவரும் கையெழுத்திட்டார்கள்.

பிறகு அரங்குக்கு வெளியே ஒரு பலகையைப் போட்டு இருவரும் ஆட்டத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். வெள்ளைதான் அதிகம் பேசினார். அவருக்குக் கோபம் கறுப்பின் மேல் இல்லை, ஓரத்துச் சிப்பாய்களை மாற்றிய அந்த நகர்வின் மேல். நியாயம்தான். யானை இறுதி ஆட்டத்தில் சிப்பாய் அதிகம் வைத்திருப்பவர் காயை மாற்றலாம், சிப்பாயை மாற்றக் கூடாது. தற்காப்பவருக்கு நேர்மாறாக, ஒவ்வொரு சிப்பாய் மாற்றமும் கரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும். அந்த ஓரத்துச் சிப்பாய்களை வைத்திருந்தால் கறுப்பு இரண்டு இடத்தில் காவல் காத்திருக்க வேண்டும். கறுப்பு அதை மறுக்கவில்லை. நானும் அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் மூச்சு விட்டேன் என்றார்.

வீட்டுக்கு வந்து ஆட்டத்தை இன்ஜினில், அதாவது செஸ் ஆராயும் கணினி நிரலில், போட்டுப் பார்த்தேன். ஓரத்துச் சிப்பாய் மாறியதிலிருந்து கடைசிவரை 0.00, அதாவது இரு பக்கமும் சமம். நேரலையில் பார்த்திருந்தால் அடுத்த மேசைக்குத் தாவியிருப்பேன் என்பது நிச்சயம், எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறோம். அரங்கின் வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துவிட்டதால் எனக்கு அந்தச் சைபர் தெரியவில்லை, ஆட்டம் தெரிந்தது. ஏழு காய்கள் வரையிலான எல்லா நிலைகளுக்கும் கணினி விடை கண்டுபிடித்து வைத்துவிட்டது. இந்த நிலையில் ஐந்தே காய்கள். கணினியைப் பொறுத்தவரை அங்கே கேள்வியே இல்லை. ஆனால் 0.00 என்பது இரண்டு வகை. என்ன ஆடினாலும் டிரா என்பதும் 0.00, ஒரே ஒரு நகர்வுதான் காப்பாற்றும், மற்றதெல்லாம் மரணம் என்பதும் 0.00. அந்த எண் இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை.

இதைப் பற்றி இவ்வளவு தூரம் பேசக் காரணம் இருக்கிறது. பெண்கள் செஸ்ஸைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு பலர் சொல்லும் ஒரு வசனம் உண்டு: பெண்கள் ஆட்டத்தில் டிரா குறைவு, ரிசல்ட் வரும், பார்க்க சுவாரசியம். கேட்க நன்றாக இருக்கும். அதற்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது: தாக்குவார்கள், தவறு செய்வார்கள், பிடித்து நிறுத்தத் தெரியாது என்பது. தேசியப் போட்டி, ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்களை ஒவ்வொரு சுற்றிலும் மோதவிடும் ஸ்விஸ் முறையில் நடக்கும்போது ரேட்டிங்கில் பெரிய இடைவெளி உள்ளவர்கள் முதல் சுற்றுகளில் மோதுகிறார்கள், அதனால் முடிவு வருகிறது. ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் எந்தத் திறந்த போட்டியின் முதல் சுற்றுகளும் அப்படித்தான். இதைப் பெண்களின் சுபாவமாக்கிப் பேசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இந்தியாவில் முதல் தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் 1974-இல் பெங்களூரில் நடந்தது. வாசந்தி காடில்கர் பட்டம் வென்றார். அவரும் தங்கைகள் ஜெயஸ்ரீ, ரோகிணி இருவரும் முதல் பத்தாண்டு முழுக்க அந்தப் போட்டியில் கோலோச்சினார்கள். 1976-இல் ரோகிணி ஆண்களின் தேசியப் போட்டியில் ஆட வந்தபோது எழுந்த எதிர்ப்பு நீதிமன்றம்வரை போனது. அப்போது உலகச் செஸ் சம்மேளனத் தலைவராக இருந்த மாக்ஸ் யூவே, பெண்களைத் தேசிய, சர்வதேசப் போட்டிகளில் தடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு சென்னையின் விஜயலட்சுமி இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனார், தேசியப் பட்டத்தைப் பலமுறை வென்றார். இன்று ஹம்பி, ஹரிகா, வைஷாலி, திவ்யா என நான்கு பெண்கள் முழு கிராண்ட்மாஸ்டர்கள், அதாவது ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவான பட்டம் பெற்றவர்கள். இந்த வரிசையில் யாரும் தாக்குதலை மட்டும் வைத்துக்கொண்டு மேலே வந்தவர் இல்லை.

முதல் மகளிர் உலகச் சாம்பியன் வேரா மெஞ்சிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1927-இல் லண்டனில் 11 ஆட்டத்துக்கு பத்தரைப் புள்ளி எடுத்துப் பட்டம் வென்றார். பத்து வெற்றி, ஒரு டிரா. 1933-இல் ஃபோக்ஸ்டோனில் 14-க்கு 14. அதாவது 1927-இல் ஒருவர் அவரிடமிருந்து அரைப்புள்ளி பிடுங்கினார், 1933-இல் அதுகூட யாராலும் முடியவில்லை. அந்த அரைப்புள்ளி எவ்வளவு கனமானது என்று இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

அண்மையில் நடந்ததையும் சொல்கிறேன். நாட்டு அணிகள் மோதும் 2024 புடாபெஸ்ட் செஸ் ஒலிம்பியாடில் இந்திய மகளிர் தங்கம் வென்றார்கள். பத்தாவது சுற்றில் சீனாவை வென்றது 2.5–1.5 என்ற கணக்கில். திவ்யா வென்றார், மற்ற மூவரும் டிரா. நாம் திவ்யாவின் வெற்றியைக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். அந்த மூன்று டிராக்களில் ஒன்று சரிந்திருந்தால் அந்தச் சுற்றே சமனாகியிருக்கும். அடுத்த ஆண்டு பதூமியில் மகளிர் உலகக் கோப்பை இறுதியில் திவ்யாவும் ஹம்பியும் மோதினார்கள். நிதான ஆட்டம் இரண்டும் டிரா, குறைந்த நேரத்தில் ஆடும் முதல் ரேபிட் ஆட்டமும் டிரா, இரண்டாவது ரேபிட்டில் திவ்யா வென்றார். நான்கில் மூன்று டிரா உள்ள ஒரு இறுதிப் போட்டியை யாரும் சலிப்பானது என்று சொல்லவில்லை, ஏனென்றால் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

டிராவை ஒழித்துவிட வேண்டும் என்ற ஆசை செஸ்ஸில் பழையது. 1862-இல் லண்டனில் நடந்த போட்டியில் டிரா ஆன ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும் என்பது விதி. அரைப்புள்ளி என்பது அதற்குப் பிறகு வந்த ஏற்பாடுதான். சமனில் இருப்பவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஆடும் இன்றைய ஆர்மகெடான் ஆட்டம் அதே ஆசையின் வேறு வடிவம்: கறுப்புக்கு டிராவே வெற்றி, அதற்கு ஈடாக நேரம் குறைவு. 2008-இல் டல்சாவில் நடந்த அமெரிக்க மகளிர் சாம்பியன்ஷிப் இப்படித்தான் முடிந்தது. இரினா க்ருஷுக்கு வெள்ளை, ஆறு நிமிடம். அன்னா சடோன்ஸ்கிக்குக் கறுப்பு, நாலரை நிமிடம். கடைசி விநாடிகளில் இருவரும் காய்களைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு ஆடினார்கள், க்ருஷின் நேரம் முதலில் தீர்ந்தது, பட்டம் சடோன்ஸ்கிக்குப் போனது. பிறகு க்ருஷ் அந்த முடிவை எதிர்த்துப் பகிரங்கக் கடிதம் எழுதினார். இரண்டு பேரில் யார் மேலும் எனக்குக் குறை இல்லை. நாட்கணக்கில் நிதானமாக ஆடிய ஒரு தேசியப் பட்டத்தை அப்படி முடிப்பது ஆட்டத்துக்குச் செய்யும் மரியாதை இல்லை.

குறுகிய டிராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைசிச் சுற்றில் பன்னிரண்டு நகர்வில் கைகுலுக்குவது எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒருவருக்கு அந்த அரைப்புள்ளியோடு பட்டமோ அணித் தேர்வோ உறுதியாகிறது என்றால், அதை எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அதற்கு முந்தைய சுற்றுகளில் உழைத்துச் சேர்த்தது அது. குறிப்பிட்ட நகர்வுக்கு முன் டிரா பேசக் கூடாது என்று போட்டி நடத்துபவர்கள் விதி வைக்கலாம், வைப்பதும் நல்லது. நிலையைத் திரும்ப வரவழைத்து அந்த விதியைத் தாண்டும் வழி எல்லோருக்கும் தெரியும், அதனால் விதியை மட்டும் நம்பிப் பயனில்லை.

போட்டி நடத்துபவர்களிடம் நான் கேட்பது வேறு. முன்மேசைகளை மட்டும் இல்லாமல், எல்லா மேசை ஆட்டங்களையும் வெளியிடுங்கள். முடிந்த இடத்திலெல்லாம் ஒவ்வொரு நகர்வுக்கும் எடுத்த நேரத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். நேரம் இல்லாத ஆட்டப் பதிவில் தொண்ணூறு நகர்வு டிரா ஒரு நீளமான வரிதான். நேரத்தோடு பார்த்தால், கடைசி நாற்பது நகர்வும் பத்து விநாடி, இருபது விநாடி, ஏழு விநாடி என்று ஓடுவது தெரியும். பயிற்சியாளர்கள் தங்களிடம் படிக்கும் பெண்களுக்கு அந்த ஆட்டங்களைப் போட்டுக் காட்டலாம், எந்த நகர்வில் தயங்கினார், எதை யோசிக்காமலே ஆடினார் என்று நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். ஃபிலிடோர் நிலையைப் புத்தகத்தில் படித்த பிள்ளைக்கும் அதை முப்பது விநாடியில் பிடித்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை அதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.